நாணயம் யாருக்காகப் பிறந்தது? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: முதல் நாணயத்தை அடித்தது யார் சார்?

இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லிடியா அரசு என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் பதில். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. தங்கமும் வெள்ளியும் கலந்த எலக்ட்ரம் என்ற உலோகம், அதன் மேல் சிங்கத் தலை.

கேள்வி: பண்டமாற்று சிரமமாக இருந்ததால் நாணயம் வந்தது என்றுதானே பள்ளியில் படித்தோம்?

எல்லோரும் அப்படித்தான் படித்தோம், ஆனால் கணக்கு உதைக்கிறது. வணிக வசதிதான் காரணம் என்றால் இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்து கடல் வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த பினீசியர்கள்தானே முந்தியிருக்க வேண்டும்? அவர்களோ லிடியாவுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்தங்கித்தான் நாணயம் அடித்தார்கள். பாபிலோனில் வெள்ளியை எடைபோட்டே கடன், வட்டி எல்லாம் நடந்தது.

லிடியாவில் பொடிக் காசுகளும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அதிகம் கிடைப்பது சுமார் 4.7 கிராம் எடையுள்ள காசு, அதைக் கொண்டுபோய் யாரும் ரொட்டி வாங்கியிருக்க முடியாது. கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்கவும், கொடுத்ததை வரியாகத் திரும்ப வாங்கவும் அடித்தது என்பதுதான் எனக்குப் பொருந்தி வருகிறது. இன்னொரு விஷயம், அந்தப் பகுதியில் இயற்கையாகக் கிடைத்த எலக்ட்ரத்தில் தங்கம் 70 சதவீதத்துக்கு மேல், நாணயத்திலோ சுமார் 55தான். அரசே வெள்ளியைச் சேர்த்துவிட்டு, சிங்கத்தைப் பார்த்து வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறது!

கேள்வி: கூலிப்படை என்பதற்கு ஆதாரம் உண்டா, வெறும் ஊகமா?

லிடியாவைப் பொறுத்தவரை ஊகம்தான். வட ஆப்பிரிக்கக் கரையில் இருந்த கார்த்தேஜுக்கு வாருங்கள், அங்கே நேரடிச் சான்றே இருக்கிறது. அத்தனை பெரிய வணிக நகரம் காசில்லாமலே காலம் தள்ளிவிட்டு, சிசிலியில் போர் மூண்டு அயல்நாட்டு வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டி வந்ததும் நாணயம் அடித்தது. அவற்றில் சிலவற்றில் 'பாசறை மக்கள்' என்றே பொறித்திருக்கிறார்கள்.

கேள்வி: ஏதென்ஸின் ஆந்தைக் காசிலும் அரசியலா?

முழுக்க முழுக்க. ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியம் சுரங்க வெள்ளியைக் குடிமக்களுக்குப் பங்கிடாமல் போர்க்கப்பல் கட்ட வைத்தார் அந்நகரத் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ். அப்புறம் வலிமை கூடியதும், கூட்டாளி நகரங்களும் எங்கள் காசு, எங்கள் எடை, எங்கள் அளவைதான் பயன்படுத்த வேண்டும் என்று ஆணையே போட்டார்கள். 'கூட்டாளி' என்று மரியாதைக்குச் சொல்வதுதான்.

கேள்வி: காசில் ஆட்சியாளர் முகம் வந்தது எப்போது?

ரோமில் உயிரோடு இருக்கும்போதே காசில் முகம் வந்தது கி.மு. 44இல் ஜூலியஸ் சீசருக்கு. அதே ஆண்டு கொலை. மன்னராட்சி வந்துவிடும் என்று சொல்லிக் குத்திய புரூட்டஸ், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் படைக்குச் சம்பளம் கொடுக்கக் காசு அடித்தபோது ஒரு பக்கம் இரண்டு குத்துவாள், மறுபக்கம் தன் முகம்.