டிஸ்க் இமேஜ் உருவாக்கும் முன்: வாசகர் கேள்விகள்

கீழக்கரையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நிக்காஹ் படங்களை ஐஎஸ்ஓ கோப்பாக்கி (ஒரு வட்டில் இருப்பதை அப்படியே ஒரே கோப்பில் அடக்கும் டிஸ்க் இமேஜ்) கொடுக்கிறேன். தமிழ்ப் பெயர்கள் சில கணினிகளில் வெறும் அடிக்கோடாகத் தெரிகின்றன, சிலவற்றில் பாதியில் வெட்டுப்படுகின்றன. ஏன்?

இரண்டும் வேறு வேறு கோளாறு. வட்டில் கோப்புகளை அடுக்க 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 9660 முறைக்கு அடிப்படையில் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் தெரியும். தமிழ் வந்தால் மென்பொருள் அடிக்கோடு போட்டு நிரப்பிவிடும். அதன் விரிவாக்கமான ஜோலியட்டையும் சேர்த்துக்கொண்டால் தமிழ் வரும். ஆனால் ஒரு பெயருக்கு 64 குறியீடுகள்தான் இடம். நமக்கு ஓரெழுத்தான 'கீ', கணினிக்கு 'க' ஒன்று, மேலே சேரும் குறி ஒன்று என இரண்டு. 'கீழக்கரை' என்று எழுதினாலே 8 போய்விடும். மாப்பிள்ளை, மணப்பெண், மண்டபம், தேதி எல்லாவற்றையும் ஒரே பெயரில் திணித்தால் வெட்டுப்படத்தான் செய்யும். ஃபோல்டருக்கு மட்டும் சுருக்கமான தமிழ்ப் பெயர் வையுங்கள். படங்களுக்கு 20240512_001 போல எண் போதும். மற்ற விவரங்களை ஒரு உரைக் கோப்பில் எழுதி உடன் வையுங்கள்.

பாம்பன் பாலத்தின் பழைய படங்களைத் திரட்டி வருகிறேன். ஃபோல்டர்களை எப்படிப் பிரிப்பது?

நல்ல வேலை, நிதானமாகச் செய்யுங்கள். ஐஎஸ்ஓ உருவான பிறகு உள்ளே ஒரு படத்தை இடம் மாற்றவேண்டும் என்றாலும் பெரும்பாலும் முழுவதையும் திரும்ப உருவாக்க வேண்டியிருக்கும். அதனால் வன்தட்டில் தனி ஃபோல்டர் ஒன்று திறந்து, இறுதி அமைப்பை அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஜேபெக் ஒரு பக்கம், வீடியோ ஒரு பக்கம் என்று பிரிக்காதீர்கள். தேடுகிறவர் கோப்பின் வகையைத் தேடமாட்டார், காலத்தைத்தான் தேடுவார். 1914 திறப்பு, 1964 புயல், 2025 புதிய பாலம் என்று ஆண்டை முன்னால் வைத்தால் வரிசை தானாக அமையும். அடிப்படை ஐஎஸ்ஓ-வில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் 8 அடுக்கு வரைதான். மூன்றைத் தாண்டினாலே தேடுபவர் களைத்துவிடுவார் என்பது என் கருத்து. ஸ்கேன் செய்த அசலையும் திருத்திய படத்தையும் மட்டும் கட்டாயம் தனித்தனியாக வையுங்கள்.

இமேஜில் சேர்க்கும்போது வெளி ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடாமல், அதன் உள்ளடக்கத்தைச் சேருங்கள். அப்போதுதான் திறந்ததும் ஆண்டுகள் தெரியும். விண்டோஸ் தானாக உருவாக்கும் தம்ப்ஸ்.டிபி போன்ற மறைந்த கோப்புகளையும் அதற்கு முன்பே நீக்கிவிடுங்கள்.

மண்டபத்தில் எடுத்த 5 ஜிபி வீடியோ இமேஜில் ஏறவில்லையே?

வழக்கமான ஐஎஸ்ஓ 9660-இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும். யூடிஎஃப் என்ற வேறு வட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள், ஏறிவிடும். ஆனால் சாதாரண டிவிடியில் பதிவதாக இருந்தால், 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் சுமார் 4.37-தான். இரட்டை அடுக்கு டிவிடி வாங்குங்கள். இமேஜை பென் டிரைவில் கொடுப்பதென்றால், அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்கக் கூடாது. அங்கேயும் அதே 4 ஜிபி தடை உண்டு.

தொண்டியிலிருந்து: பாடல்கள் 1, 10, 2 என்று மாறி ஓடுகின்றன.

01, 02 என்று பூஜ்யம் சேர்த்துப் பெயரிடுங்கள். நூறு பாடலோ அதற்கு மேலோ இருந்தால் 001.