அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கை அமெரிக்கத் தூதரகங்கள் ஏன் வெளிநாடுகளில் நினைவுகூர்கின்றன?

இது பொது ராஜதந்திரம். அரசோடு அரசு பேசுவது போக, இன்னொரு நாட்டு மக்களிடமே நேராகப் பேசுவது. அதற்கு இரு தரப்பும் மதிக்கிற ஆள் வேண்டும். இந்தியாவில் கிங் அப்படிப்பட்டவர். காந்தியின் வழியை நேரில் அறிய 1959-இல் மனைவி கொரெட்டாவுடன் வந்து ஏறக்குறைய ஒரு மாதம் சுற்றினார். அதன் 50-ஆம் ஆண்டு நினைவாக 2009-இல் அமெரிக்கா அனுப்பிய குழுவில் அவர் மகனும், ஜாஸ் கலைஞர் ஹெர்பி ஹான்காக்கும் இருந்தார்கள். பேச்சு மட்டும் என்றால் கூட்டம் சேராது, சரிதானே! அமெரிக்கா கிங்கைக் கொண்டாடுவது, வீட்டை எதிர்த்துப் பேசிய பிள்ளையின் படத்தைப் பின்னாளில் கூடத்தில் மாட்டி, வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுவது போலத்தான்.

அமெரிக்க அரசு அவரை எப்போதுமே கொண்டாடியதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1963-இல் அதன் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அவர் தொலைபேசியை ஒட்டுக்கேட்டது, அவருக்கான தேசிய விடுமுறைச் சட்டம் 1983-இல்தான் கையெழுத்தானது.