ஹிட்லரின் ஒழுங்கு

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டாம் உலகப் போர் பற்றி ஒரு சந்தேகம். குளிர்காலம் குறுக்கே வராமல் இருந்தால் ஹிட்லர் ரஷ்யாவை வென்றிருப்பாரா? சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் மூவரில் பெரிய தலைவர் யார்? ஹிட்லரின் கொடுமைகளை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவருடைய ஒழுங்கும் திட்டமிடலும் நம் நாட்டுக்குத் தேவை என்று தோன்றுகிறது.

ச., மதுரை

அன்புள்ள ச.,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். பேருந்திலும் கல்யாண வீட்டிலும் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. படிக்கிற பிள்ளை ஒருவர் எழுதும்போது சும்மா விட மனம் வரவில்லை.

மூவரில் யார் பெரியவர் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், அதில் ஒன்றுமில்லை. குளிர்? 1941 டிசம்பரில் மாஸ்கோவுக்கு வெளியே நின்ற ஜெர்மானியச் சிப்பாய்கள் பலரிடம் குளிருடையே இல்லை. குளிர் வருவதற்குள் போர் முடிந்துவிடும் என்று மேலிடம் கணக்குப் போட்டிருந்தது. நீங்கள் வியக்கிற திட்டமிடலின் லட்சணம் அது.

ஆனால் நுணுக்கமாகப் போட்ட திட்டம் ஒன்றும் இருந்தது. படையெடுப்புக்கு ஏழு வாரம் முன்பு, 1941 மே 2 அன்று, பெர்லினில் உயர் அதிகாரிகள் கூடினார்கள். ஜெர்மானியப் படை முழுக்க ரஷ்யாவின் தானியத்தைத் தின்றுதான் போர் நடத்த வேண்டும். அப்படி எடுத்தால் அங்கே கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள். இதைக் கூட்டக் குறிப்பிலேயே எழுதி வைத்தார்கள். வேளாண் அமைச்சகத்தின் ஹெர்பர்ட் பாக்கே இதன் மூளை. கோப்பு போட்டு, கூட்டம் கூட்டி, நேரத்துக்கு வந்து உட்கார்ந்து முடிவு செய்த கொலை. கொடுமையை ஒதுக்கிவிட்டு ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறீர்களே, அந்தக் கொடுமையைச் செய்து முடித்ததே அந்த ஒழுங்குதான் தம்பி.

கொஞ்ச நாளாக, ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஜெர்மானியப் படை முற்றுகையிட்டதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 1941 செப்டம்பர் 8-இல் தொடங்கி 872 நாள். அந்த நவம்பர் 20 முதல் குழந்தைகளுக்கும் வேலையில் இல்லாதவர்களுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. சமையலறைத் தராசில் எடை போட்டுப் பார்த்தேன், நம் கடை ரொட்டியில் நான்கைந்து துண்டு. அவர்களுடையதில் மரக்கூழும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் கலந்திருந்தன. ஈரக் கனம் வேறு. ஆகவே துண்டு இன்னும் சிறியது.

அந்த ஊரில் ஒரு விதை வங்கி இருந்தது. தாவரவியல் அறிஞர் நிகோலாய் வாவிலோவ் உலகமெல்லாம் அலைந்து சேர்த்த, லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள். அதைக் காத்தவர்கள் பசியோடு எலிகளை விரட்டினார்கள். உருளைக்கிழங்கு உறையாமலிருக்க, கிடைத்த விறகை அதற்கே எரித்தார்கள். நெல் சேகரிப்பைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ், சுற்றிலும் அரிசிப் பொட்டலங்கள் இருக்கப் பட்டினியால் செத்தார். நிலக்கடலைப் பிரிவின் அலெக்சாண்டர் ஷூகின் மேசையிலேயே உயிரை விட்டார். யாரும் கட்டளையிட்டு நடந்ததல்ல இது.

எங்கள் பாட்டி நினைவுக்கு வருகிறாள். மழை பொய்த்த வருடம், மூன்று வேளையும் கம்பங்கூழ் என்றான பிறகும் விதைநெல் பானையின் வேடுகட்டை அவிழ்க்க மாட்டாள். நாங்கள் அழுவோம். அவளும் அழுவாள், ஆனால் அவிழ்க்க மாட்டாள். இவானோவைப் படித்த அன்று இரவு அவளை நினைத்து எனக்குத் தூக்கமே இல்லை.

சரி, அந்த வாவிலோவ் அப்போது எங்கே இருந்தார்? ஸ்டாலினின் சிறையில். 1940-இல் பிடித்துப் போட்டார்கள். பஞ்சத்தை ஒழிக்கவென்று விதை சேர்த்த மனிதர், 1943 ஜனவரியில் சராத்தவ் சிறையில் போதிய உணவின்றி உடல் நலிந்து இறந்தார். சர்ச்சிலா? அதே 1943-இல் வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் செத்தார்கள். தானியக் கப்பல் கேட்டு டெல்லியிலிருந்து போன கோரிக்கைகளில் பெரும்பகுதியை அவருடைய அமைச்சரவை தட்டிக்கழித்தது. தேர்வுக்கு இதெல்லாம் கேட்க மாட்டார்கள், தெரியும்.

நன்றாகப் படியுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தேர்வு முடிந்ததும் அந்த மே 2 கூட்டத்தைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு, அதே கடைசி வரியை மறுபடி எழுதக் கை வருகிறதா என்று எனக்குச் சொல்லுங்கள்.