எடை மேடையின் சீரியல் லைனைக் கணினியில் பார்ப்பது: கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். லாரிகளை நிறுக்கும் எங்கள் எடை மேடை இன்னும் ஆர்எஸ்-232 (கம்பி வழியாகப் பிட் பிட்டாக அனுப்பும் பழைய சீரியல் முறை) லைனில்தான் பேசுகிறது. அது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

கேள்வி (தோட்டத்துக் கிராணி): அண்ணே, புது மடிக்கணினியில் ஒன்பது முனை சாக்கெட் இல்லை என்று யுஎஸ்பி வயர் வாங்கிச் செருகினேன். சீரியல் லைனில் வருவதைக் காட்டும் பட்டி (PuTTY) மென்பொருளைத் திறந்தால் வெறும் கறுப்புத் திரை. எடைக்காட்டி கெட்டுப்போச்சா?

பதில்: காட்டியை இப்போதைக்குத் தொடாதீங்க தம்பி. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அந்த வயருக்கு என்ன காம் எண் (COM, சீரியல் போர்ட்டின் எண்) விழுந்திருக்கிறது என்று பாருங்கள், காம்3, காம்5 என்று ஏதாவது இருக்கும், பட்டியில் சீரியலைத் தேர்ந்தெடுத்து அந்த எண்ணைத்தான் எழுத வேண்டும். அப்புறம் வயரைக் காட்டியிலிருந்து கழற்றி, அதன் 2, 3 முனைகளை மட்டும் ஒரு பேப்பர் கிளிப்பால் சேர்த்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். அடித்த எழுத்து திரையில் வந்தால் கணினி, டிரைவர், வயர் எல்லாம் சரி. வராவிட்டால் கோளாறு உங்கள் பக்கம்தான், எடை மேடையில் வெயிலில் நின்று பிரயோஜனம் இல்லை. நான் எந்த வேலையையும் இந்தச் சோதனை இல்லாமல் தொடங்குவதில்லை.

கேள்வி (அதே கிராணி): எழுத்து வந்தது. காட்டியில் மாட்டினால் மறுபடி ஒன்றுமில்லை.

பதில்: கணினி 2-இல் கேட்கும், 3-இல் பேசும். காட்டியும் அப்படியே இருந்தால் இரண்டும் ஒரே கம்பியில் பேசும், கேட்க ஆள் இருக்காது. 2-ஐயும் 3-ஐயும் மாற்றிக் கட்டுங்கள், 5 கிரவுண்ட், அது நேராகவே போகட்டும். பிரிண்ட் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள், சில காட்டிகள் அப்போதுதான் எடையை அனுப்பும்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவி): அண்ணா, 9600 பாட் (அனுப்பும் வேகம்), 8 பிட், பேரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இல்லை என்று வைத்தேன். 0, 3, 5, 6, 9 சரியாக வருகின்றன, 1, 2, 4, 7, 8 மட்டும் கிறுக்கலாக வருகின்றன. பாட் வேகம் தப்பா?

பதில்: வேகம் தப்பு என்றால் எல்லாமே கிறுக்கலாகும் தங்கச்சி. நீங்கள் எந்தெந்த எண் என்று குறித்து அனுப்பியது ரொம்ப நல்ல காரியம், விடை அதிலேயே இருக்கிறது. காட்டி 7 பிட், ஈவன் பேரிட்டியில் அனுப்புகிறது. அதாவது ஒவ்வோர் எழுத்திலும் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி எட்டாவது பிட்டை நிரப்பும். ஆஸ்கியில் (எழுத்துகளைப் பிட்டுகளாக எழுதும் குறியீடு) 0, 3, 5, 6, 9 ஆகியவற்றுக்கு ஏற்கெனவே இரட்டைப்படை, எட்டாவது பிட் 0, அதனால் பிழைத்துக்கொள்கின்றன. மற்ற ஐந்துக்கும் அது 1 ஆகிவிடும், நீங்கள் அதையும் எழுத்தின் பகுதியாக எடுத்துக்கொள்கிறீர்கள். 7, ஈவன், ஸ்டாப் பிட் (எழுத்தின் முடிவைக் காட்டும் பிட்) 1 என்று மாற்றுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: லினக்ஸில் மினிகாம் (பட்டி மாதிரி ஒரு மென்பொருள்) போட்டால் அனுமதி இல்லை என்கிறது. சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டுத் திறந்தால் நான் அடிப்பது போகவில்லை.

பதில்: உபுண்டு என்றால் உங்கள் பெயரை சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். மினிகாமில் ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோல் (தனிக் கம்பிகளில் 'அனுப்பலாமா' என்று கேட்டு அனுப்பும் முறை) பெரும்பாலும் தொடக்கத்திலேயே போட்டிருக்கும், மூன்று கம்பி வயரில் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை, அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மேடையிலிருந்து ஆபீசுக்கு 60 மீட்டர். வயரை நீட்டலாமா?

பதில்: ஆர்எஸ்-232-க்கு 15 மீட்டர் வரை நம்பலாம். 60 மீட்டருக்கு இரண்டு பக்கமும் ஆர்எஸ்-485 (தூரம் போகும் இன்னொரு சீரியல் முறை) மாற்றி போடுங்கள், அது குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். ஐசொலேஷன் (இரு பக்க மின்சாரத்தையும் பிரித்து வைக்கும் தடுப்பு) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், நம்ம பக்கம் சாயங்கால இடி மழை எப்படி என்று தெரியும்தானே.