கரண்ட் மட்டும் வைத்தால் போதுமா? பிசியோதெரபி கேள்வி-பதில்

தோலில் பேட் ஒட்டிக் கரண்ட் வைக்கும் மெஷினை, டென்ஸ், இ.எம்.எஸ் என்று இரண்டு பெயரும் போட்டு ஒன்றாகவே விற்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? (கோவை)

பெட்டி ஒன்றாக இருக்கலாம், வேலை வேறு. டென்ஸ் உணர்வு நரம்பைத் தூண்டி வலியை மட்டுப்படுத்தும். சுறுசுறுவென்று இருக்க வேண்டுமே தவிர, தசை இழுக்கத் தேவையில்லை. இ.எம்.எஸ் தசையையே சுருங்க வைக்கும். மூட்டு வலிக்கு முன்னது, ஆபரேஷனுக்குப் பின் சூம்பிய தொடைக்குப் பின்னது.

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் உண்டு. தோள்வலிக்கு வீட்டிலேயே டென்ஸ் வைக்கலாமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். இதய மருத்துவர் சம்மதிக்காமல் மெஷினைத் தொடவே வேண்டாம்.

மெஷின் வைக்கும்போது இடுப்பு வலி தெரிவதில்லை. எடுத்த ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறது. மெஷின் டூப்ளிகேட்டா? (சேலம்)

மெஷின் சரியாகத்தான் வேலை செய்கிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோம், வலி கொஞ்சம் அடங்குகிறது அல்லவா? தொடு உணர்வு தண்டுவடத்திலேயே வலியை மறிக்கிறது என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆராய்ச்சியாளர்கள் சொன்ன 'கேட்' (வாசல்) கொள்கை இதைத்தான் விளக்குகிறது. 80, 100 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு அத்தனை துடிப்பில், வைக்கும் டென்ஸும் பெரும்பாலும் அந்த வழியில்தான் வேலை செய்கிறது. வைத்திருக்கும் நேரமும் அதற்குப் பின் சற்று நேரமும்தான் பலன். வலி அடங்கியிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தீர்களா, பயிற்சி செய்தீர்களா? அதை எழுதவில்லையே.

வலி இருக்கிறது. எத்தனை நிமிடம் வைக்கணும்? (ஊர் இல்லை)

எங்கே வலி, எத்தனை நாளாக, வயது என்ன, சுகர் உண்டா? ஒன்றுமே எழுதாமல் நிமிடக் கணக்கு மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

முழங்காலில் ஏ.சி.எல் (மூட்டுக்குள் இருக்கும் தசைநார்) ஆபரேஷன் முடிந்து 5 வாரம். பத்து நாள் கரண்ட் வைத்தும் தொடை இளைத்தே இருக்கிறது. வைக்கும் நேரமெல்லாம் படுத்து ஃபோன் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்னும் பத்து நாள் வைக்கலாமா? (மதுரை)

இப்படிக் கடிதம் மாதம் நாலு தடவையாவது வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கொதிக்கிறது. பேடை ஒட்டிவிட்டு, திரையை இழுத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடும் எங்கள் தொழில்காரர்கள் மேல்தான் முதல் கோபம்.

ஆபரேஷனுக்குப் பின் முட்டியில் நீர் கோத்திருக்கும்போது நரம்பு மண்டலம் முன்தொடைத் தசையை முழுதாக இயங்க விடுவதில்லை. அந்தத் தடையைத் தாண்டித் தசையைச் சுருக்கத்தான் கரண்ட். லேசாக ஊர்கிற அளவில் வைத்தால் தசைக்கு ஒன்றும் ஆகாது. 10 விநாடி இழுப்பு, 50 விநாடி ஓய்வு, இப்படிப் பத்துப் பதினைந்து தடவை, தாங்குகிற அளவுக்கு அழுத்தமாக. சுகமாக இருக்காது, தெரிந்துகொள்ளுங்கள்.

சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வையுங்கள். கரண்ட் ஏறும் அதே நொடியில் துண்டைக் கீழே அமுக்குங்கள். முட்டிச் சில்லு தொடைப் பக்கம் மேலேறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். போன மாதம் ஒரு கபடிப் பையனுக்கு முதல் நாள் சில்லு அசையவே இல்லை, தோல்தான் துடித்தது. ஃபோனை வாங்கி வைத்துவிட்டு, தசையைப் பார்த்துக்கொண்டே அமுக்கச் சொன்னேன். நாலாவது நாள் சில்லு ஏறியது. அப்புறம் அவனே டயலைக் கூட்டச் சொல்லிக் கேட்டான்.

ஆகவே படுத்துக்கொண்டு இன்னும் பத்து நாள் வேண்டாம். ஆபரேஷன் செய்தவரிடம் என்னென்ன பயிற்சிக்கு அனுமதி என்று கேட்டு, கரண்டோடு சேர்த்துச் செய்யுங்கள். டயலைப் பூஜ்யத்தில் வைத்த பிறகே பேடை ஒட்டுங்கள், கழற்றுங்கள்.

அம்மாவுக்குச் சுகர், பாதம் மரத்துப்போகிறது. டயலை முழுதாகத் திருப்பியும் தெரியவில்லை என்கிறார். (விருதுநகர்)

உடனே நிறுத்துங்கள்! உணர்வில்லாத தோலில் சுட்டாலும் தெரியாது. அந்தப் பாதத்தில் புண் வந்தால் ஆறுவது கடினம். பேட் ஒட்டிய இடத்தை இன்றே வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கணவருக்கு நேற்றிலிருந்து வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. கரண்ட் வைக்கட்டுமா? (திருநெல்வேலி)

கரண்டை மறந்துவிட்டு இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். முதலில் பக்கவாதம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். முக நரம்பு வாதம்தான் என்றால் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். மூடாத கண்ணைக் காய விடாதீர்கள்.

எலக்ட்ரிக் பெல்ட் கட்டினால் தொப்பை குறையுமா? (சென்னை)

குறையாது. இப்படி விளம்பரம் செய்த மூன்று பெல்ட்கள் மீது அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2002-லேயே நடவடிக்கை எடுத்தது.

பேட் ஒட்டாமல் விழுகிறது. செல்லோடேப் போடலாமா? (ஈரோடு)

கூடாது. ஓரம் தூக்கிக்கொண்டால் ஒட்டியிருக்கும் சின்ன இடத்திலேயே கரண்ட் குவிந்து தோலைச் சுடும். ஒரு சொட்டுத் தண்ணீர் தடவிப் பாருங்கள். இருபது, முப்பது தடவை பயன்படுத்தியிருந்தால் புதிது வாங்குங்கள். புதியதை ஒட்டும்போதும் டயல் பூஜ்யத்தில் இருக்கட்டும்.