கதிர்ச்சிகிச்சையைக் கற்பிக்க ஒரு நோயாளி போதும்

யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவர்களுக்குப் புற்றுநோயியல் கற்பிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கதிர்ச்சிகிச்சைக்கென எங்களுக்குக் கிடைப்பவை ஓரிரு விரிவுரைகளும் ஒருநாள் பார்வையிடலும் மட்டுமே. மாணவர்கள் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். இருக்கும் நேரத்துக்குள் எதை மாற்றலாம்?"

உங்கள் மாணவர்களுள் மிகச் சிலரே இத்துறைக்கு வருவார்கள் என்றாலும், புற்றுநோயாளரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நோயின் ஏதோவொரு கட்டத்தில் கதிர்ச்சிகிச்சை தேவைப்படுவதால், அந்நோயாளிகளை விடுதியிலும் கிளினிக்கிலும் எல்லா மாணவர்களும் சந்திக்கத்தான் போகிறார்கள். ஆகவே அந்த ஒருநாள் பார்வையிடலைக் கைவிட்டு, அதே மணித்தியாலங்களைச் சில வாரங்களுக்குப் பிரித்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் ஒரு நோயாளியை, அவருடைய சம்மதத்தோடு, இரண்டு மூன்று மாணவர்கள் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர ஏற்பாடு செய்யுங்கள்.

வெற்றிலை போடும் பழக்கமுள்ள நம்மவரிடையே அதிகம் காணப்படும் வாய்ப் புற்றுநோய் இதற்கு மிகப் பொருத்தமானது. கதிர்வீச்சுக்குப் பின் தாடை எலும்பு எளிதில் ஆறாது என்பதால் பழுதடைந்த பற்களை முன்கூட்டியே பிடுங்குவதையும், தலை அசையாதிருக்க முகத்தின் அளவுக்கே முகமூடி வார்ப்பதையும் மாணவர் நேரில் காண்பார். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாய் புண்ணாகி, கஞ்சிகூட விழுங்க முடியாமல் எடை குறையும்போது, "சிகிச்சையைச் சில நாள் நிறுத்திவைப்போமா?" என்று வீட்டார் கேட்பார்கள். இடைவெளி விட்டால் எஞ்சிய புற்றுக் கலங்கள் மீண்டும் பெருகும் என்பதையும், அதனால் வலிநிவாரணியும் தேவையானால் குழாய்வழி உணவும் கொடுத்தேனும் சிகிச்சையைத் தொடர முயல்கிறோம் என்பதையும் அந்தக் கட்டிலருகில் கற்றவர் மறக்கமாட்டார்.

விரிவுரை நேரத்தில் ஒரு மணித்தியாலத்தையாவது வரையும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். அடையாளம் நீக்கிய சி.ரி. ஸ்கான் படமொன்றைக் கொடுத்து, கட்டியையும், அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கக்கூடிய பகுதியையும், நாளுக்கு நாள் நோயாளி படுக்கும் நிலையில் நேரும் சிறு மாற்றத்துக்கு விடும் ஓரத்தையும், அருகில் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணையும் வெவ்வேறு நிறங்களில் வரையச் சொல்லுங்கள். கட்டிக்கு 70 கிரே (உடல் ஏற்கும் கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வேண்டும், முண்ணாண் 45 முதல் 50 கிரே வரைதான் பாதுகாப்பாகத் தாங்கும் என்றதும், கதிர்களைப் பல திசைகளிலிருந்து ஏன் செலுத்துகிறோம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். கதிர்ப் பௌதிகத்தில் இந்தக் கட்டத்துக்கு இவ்வளவு போதுமானது என்பது என் கருத்து.

எலும்புக்குப் பரவிய நோயின் வலிக்கு 8 கிரேயை ஒரே தடவையில் கொடுப்பதும், பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் வலியை ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கின்றன. ஒரே தடவை பெற்றவர்களுக்கு மறுபடி சிகிச்சை தேவைப்படுவது அதிகம். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடித்து வரும் முதியவருக்கு எதைத் தெரிவுசெய்வீர்கள் என்று வகுப்பில் கேட்டு, விவாதிக்க விடுங்கள்.

ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. புற்றுநோயாளி ஒருவர் புதிய முதுகுவலியோடு கால் பலவீனத்தையும் சொன்னால் அது புற்று முண்ணாணை அழுத்துவதால் இருக்கலாம். வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெதசோன் மருந்து, அவசர எம்.ஆர்.ஐ. ஸ்கான், அதே நாளில் புற்றுநோய்ப் பிரிவுக்குத் தொலைபேசி அழைப்பு என்ற வரிசை, உள்ளகப் பயிற்சிக்குப் போகும் எவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கியவர்களே பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள்.

பரீட்சையில் வராததை மாணவர் படிக்கமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நிலையம் நிலையமாகச் சென்று செய்முறைத் திறனைக் காட்டும் ஒஸ்கி பரீட்சையில் ஒரு நிலையத்தை இதற்குக் கேட்டு வாங்குங்கள். உதாரணமாக, உடலுக்கு வெளியேயுள்ள இயந்திரத்திலிருந்து கதிர் பெறும் தாய் தன் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்று மகள் கேட்கிறாள். உடலில் கதிர் எதுவும் தங்குவதில்லை, தாராளமாகத் தூக்கலாம் என்பதை, ஆங்கிலத்தில் படித்த அந்த மாணவர், அவளுக்கு விளங்கும் தமிழில் ஐந்து நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும்.