சாம்பார் ஏரியில் பறவைகள் கூட்டமாகச் செத்தது பறவைக் காய்ச்சலாலா?

இல்லை. 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பார் உப்பு ஏரியில் 18,000க்கும் மேற்பட்ட பறவைகள் மடிந்தபோது எல்லோருக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான் வந்தது. பரிசோதனையில் பறவைக் காய்ச்சல் இல்லை என்று தெரிந்தது. பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் அது பொட்டுலிசம் என்று உறுதிசெய்தது.

இது தொற்றிப் பரவும் காய்ச்சல் இல்லை, ஒரு நச்சு. க்ளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா சேற்றில் வித்தாக வருஷக்கணக்கில் கிடக்கும். பிராணவாயு இல்லாத, அழுகுகிற உடல் கிடைத்தால் பெருகி நச்சைச் சுரக்கும். செத்த பறவையில் ஈ முட்டையிடும். அதில் வரும் புழுக்களை நச்சு ஒன்றும் செய்யாது, ஆனால் அவற்றின் உடலில் சேர்ந்துவிடும். பசியோடு வரும் வாத்து அந்தப் புழுக்களைக் கொத்தினால் அதுவும் விழும். அப்புறம் அதன் உடலிலும் புழு. ஒரு சாவு பல சாவுகளாவது இப்படித்தான்.

நச்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்துவிடும். முதலில் கால், இறக்கை தளரும். பிறகு கழுத்து தொங்கும். தட்டைவாயன் போன்ற வாத்துகள் தலையைத் தூக்க முடியாமல், முழு நினைவோடு, ஒரு சாண் தண்ணீரிலேயே மூழ்கிப்போகும். எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

மருந்தைவிட முக்கியம், செத்த உடல்களை உடனுக்குடன் அகற்றிப் புதைப்பதோ எரிப்பதோதான். லேசாகப் பாதிக்கப்பட்ட பறவையை நிழலில் வைத்து, தலையைத் தாங்கிப் பிடித்து நல்ல தண்ணீர் புகட்டினால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும்.